உலாப் போன பெண்கள்

தம்புள்ளையிலிருந்து ஹபரணைப் பக்கம் போகும் வீதியில், இனாமலுவச் சந்தியில் வலப்புறம் திரும்பினால் சிகிரியாவுக்குப் பாதை பிரிகிறது. பாறை கண்ணில் படுமுன்பே அதன் பெண்கள் எதிர்ப்படத் தொடங்கிவிடுவார்கள். கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பத்திக் துணியில் ஒருத்தி, மரப்பெட்டி மூடியில் ஒருத்தி, ரீ-சேர்ட் முதுகில் இருவர், ஹோட்டல் பெயர்ப்பலகையில் பூத்தட்டோடு இன்னொருத்தி. எல்லாருக்கும் இடுப்புக்குக் கீழே மேகம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் வான் பிடித்து வரும் குடும்பங்கள், மலையேறி இறங்கிய களைப்போடு இந்தக் கடைகளில் விலை பேசி, யாராவது ஒருத்தியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகின்றன.

கோயிலில் மூலவர் கருவறையை விட்டு அசையமாட்டார். உற்சவர்தான் வீதிக்கு வருவார். சிகிரியா ஓவியத்தின் சரித்திரமும் இப்படித்தான். பாறையில் இருக்கும் பெண்கள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அதே இடத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய உற்சவர்களோ கொழும்பு பார்த்தார்கள், அச்சுக்கூடம் ஏறினார்கள், பணத்தாளில் அமர்ந்தார்கள், சமையலறைச் சுவரில் கலண்டர் ஆனார்கள். நமது உலா நூல்களில் அரசன் வீதியில் வர, ஏழு பருவத்துப் பெண்களும் வாசலில் நின்று பார்ப்பார்கள். இங்கே அரசன் போய்ச் சேர்ந்துவிட்டான். உலா வருவது பெண்கள்.

அந்த அரசன் காசியப்பன், கி.பி. 477 முதல் 495 வரை ஆண்டவன். தந்தை தாதுசேனனைக் கொன்று அரசேறியவன். இந்தியாவுக்குத் தப்பிப்போன தம்பி முகலன் என்றைக்காவது படையோடு வருவான் என்ற பயத்தில் அநுராதபுரத்தை விட்டு இந்தப் பாறையைத் தேர்ந்தான் என்கிறது சூளவம்சம். சிங்க வடிவில் அவன் அமைத்த படிவழியைச் சொல்லும் அந்த நூல், ஓவியத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தந்தையைக் கொன்றவனின் கதையை எழுதிய பிக்குவுக்குச் சுவரில் இருந்த பெண்கள் பொருட்டாகத் தோன்றவில்லை போலும். வரைந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

ஆனால் எப்படி வரைந்தார்கள் என்பதைச் சுவரே சொல்கிறது. கரடுமுரடான பாறையில் முதலில் உமியும் நாரும் கலந்த களிமண்ணை அப்பியிருக்கிறார்கள். அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த பூச்சு. அதற்கும் மேலே வழவழப்பாக மெல்லிய சுண்ணப் பூச்சு. வர்ணங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. காவி மண், பச்சை மண் என்று மண்ணில் கிடைத்தவைதான் பெரும்பாலும். அதே நூற்றாண்டைச் சேர்ந்த அஜந்தாவில் நீலம் உண்டு; சிகிரியாவில் நீலம் கிடையாது. இந்த நீலத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கிட்டப்போய்ப் பார்த்தால் ஓவியனின் கை தடுமாறிய இடமும் அகப்படும். ஒருத்தியின் கையை முதலில் ஒரு நிலையில் வரைந்திருக்கிறான். பிறகு மனம் மாறி அதை மறைத்து வேறு நிலையில் வரைந்திருக்கிறான். காலப்போக்கில் மேல் வர்ணம் மெலிய, மறைத்த கை மறுபடி வெளியே வந்துவிட்டது. வழிகாட்டிகள் அவளை “மூன்று கைக்காரி” என்று காட்டிச் சிரிப்பு மூட்டுவார்கள். எனக்கு அந்தக் கூடுதல் கைதான் அங்கே மிகவும் பிடித்தது. மற்றதெல்லாம் அரசனுக்காக வரைந்தது. அந்தக் கை மட்டும் ஓவியனுடையது.

இன்று எஞ்சியிருப்பவர்கள் இருபதுக்குச் சற்று மேல். ஒரு காலத்தில் பாறையின் மேற்கு முகம் முழுவதுமே ஓவியமாக இருந்திருக்கும், சுமார் 140 மீற்றர் நீளமும் 40 மீற்றர் உயரமுமாக, என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வேலை பார்த்த ஜோன் ஸ்ரில் கருதினார். மழையும் வெயிலும் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அடிவாரக் குகைகளில் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தவை தேய்ந்து தடயமாகிவிட்டன. பாறை உள்வாங்கிய குழிவுகளுக்குள், மழையும் எட்டாமல் மனிதனும் எட்டாமல் இருந்தவர்கள் மட்டுமே பிழைத்தார்கள். சற்றுத் தள்ளி, இதே மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளைக் குகைகளில் கதையே வேறு. அங்கே கும்பிட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஓவியர்களும் தலைமுறை தலைமுறையாக மேலே மேலே வரைந்துகொண்டே போனார்கள். இப்போது நாம் காண்பதில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டுக் கண்டி மரபு. சிகிரியாப் பெண்களுக்குப் புது வர்ணம் பூச யாரும் வரவில்லை, அதனால் பழைய முகத்தோடு இருக்கிறார்கள்.

காசியப்பன் தோற்றபின் சிகிரியா பிக்குகளின் உறைவிடமானது. அப்போதும் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஓவியக் குழிவுக்குக் கீழே நடைபாதையை ஒட்டி ஒரு நீண்ட சுவர். சுண்ணம் பூசி முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றியது. கண்ணாடிச் சுவர், சிங்களத்தில் கெடபத் பவுர. மேலே அண்ணாந்து பெண்களைப் பார்த்தவர்கள் மனசில் பட்டதை இந்தச் சுவரில் எழுத்தாணியால் கீறிவிட்டுப் போனார்கள். பெரும்பாலானவை 8 முதல் 10 வரையான நூற்றாண்டுகளில் எழுதியவை. பிக்கு எழுதியிருக்கிறார், படைவீரன் எழுதியிருக்கிறான், அரசு அதிகாரி எழுதியிருக்கிறார், பெண்களும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அழகில் மயங்குகிறார், இன்னொருவர் இவ்வளவு தூரம் வந்தும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறார்களே என்று குறைப்படுகிறார். எழுதிய பெண்களில் சிலருக்கு மேலே இருப்பவர்கள் மேல் நல்ல எரிச்சல். அங்கே ஐந்நூறு பெண்கள் இருந்ததாகச் சொல்லும் பாடலும் இந்தச் சுவரில்தான் இருக்கிறது.

இவற்றில் 685 பாடல்களை வாசித்து, 1956 இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டவர் தொல்பொருள் ஆணையாளராக இருந்த செனரத் பரணவிதான. பழைய சிங்களக் கவிதை எப்படி இருந்தது என்று அறிய இந்தச் சுவரைவிட நல்ல சான்று இல்லை. பொது இடத்தில் ஒரு ஓவியத்தைப் பார்த்த சாதாரண மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இவ்வளவு பழைய, இவ்வளவு பெரிய பதிவு உலகத்திலேயே அபூர்வம். கலை விமர்சகர் யாரும் இல்லாத காலம் என்பதால் எல்லாரும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு பல நூற்றாண்டுகள் காடு மூடியது. 1831 இல் மேஜர் ஜொனதன் போர்ப்ஸ் என்ற பிரித்தானியப் படை அதிகாரி இந்தப் பக்கம் குதிரையில் வந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 1889 இல்தான் பொதுவேலைப் பகுதிப் பொறியியலாளர் அலிக் மரே, தேசாதிபதி ஆதர் கோர்டனின் விருப்பப்படி, குழிவுக்குள் ஏறியே தீருவது என்று இறங்கினார். பாறையில் பேய் இருக்கிறது என்று ஊரார் பின்வாங்கவே, தமிழ்க் கல்தச்சர்களை அமர்த்திக்கொண்டார். செங்குத்துப் பாறையில் துளை போட்டு, இரும்பைச் செருகி, ஒவ்வோர் அடியாக மேலே போனவர்கள் அவர்கள்தான். உயரம் கூடக் கூட அவர்களுக்கும் பயம் பிடித்து, நோன்பிருந்து கும்பிட்டுவிட்டே வேலையைத் தொடர்ந்தார்கள் என்றொரு செய்தியும் உண்டு. மேலே போன மரே, சரிந்து கவிந்த பாறைக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு பிரதி எடுத்தார். மரேயின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. துளை போட்டவர்களில் ஒருவருடைய பெயர்கூட இல்லை. ஓவியம் வரைந்தவனுக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது.

உண்மையான உற்சவ மூர்த்திகளைச் செய்தவர் என்றால் அது டி. ஏ. எல். பெரேரா. முதல் தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் 1894 இல் சிகிரியாவில் வேலையைத் தொடங்கினார். பெரேரா அவரிடம் வரைபடக் கலைஞராக இருந்தவர். 1896, 1897 ஆகிய ஆண்டுகளில் இந்தப் பெண்களை எண்ணெய் வர்ணத்தில் பிரதி எடுத்தார். ஒரு குழிவுக்காவது ஏணி வைத்து ஏறலாம். மற்றதற்கு வழியே இல்லை. உச்சியிலிருந்து வடம் இறக்கி, அதில் கதிரை கட்டி, அந்தரத்தில் ஆடிக்கொண்டுதான் போக வேண்டும். கீழே காட்டு மரங்களின் தலை, கையில் தூரிகை. அந்த நிலையிலும் அவர் சாந்து வெடித்த கோட்டையும் வர்ணம் உதிர்ந்த பொட்டையும் விடவில்லை. பாறையில் எப்படி இருந்ததோ அப்படியே எழுதினார். அழகுபடுத்திக் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

பிரதி எடுப்பது என்ன பெரிய காரியம் என்று கேட்பவர்களுக்கு அஜந்தாவின் கதையைச் சொல்லலாம். மேஜர் ரொபர்ட் கில் பல ஆண்டுகள் குகையில் கிடந்து எடுத்த பிரதிகள் இலண்டனுக்குப் போய், 1866 இல் கிறிஸ்டல் பலஸ் தீயில் பெரும்பாலும் எரிந்தன. ஜோன் கிரிஃபித்ஸ் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களைக் கொண்டு மறுபடி எடுத்தவற்றில் பலவும் 1885 இல் சவுத் கென்சிங்டன் தீயில் போயின. பெரேராவின் பிரதிகள் அவ்வளவு தூரம் போகவில்லை. கொழும்பு நூதனசாலைக்கு மாட்டுவண்டித் தூரம்தான், அதனால் தப்பித்தன.

பெண்கள் கொழும்புக்கு வந்ததும், இவர்கள் யார் என்ற சண்டையும் கூடவே வந்தது. பெல், அரண்மனைப் பெண்கள் பக்கத்துப் பிதுரங்கல விகாரைக்குப் பூக்கொண்டு போகிறார்கள் என்றார். கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி, அப்சரஸ்கள், அதனால்தான் மேகத்துக்கு மேலே என்றார். பரணவிதானவுக்கு மின்னலும் முகிலும் பெண்ணுருக் கொண்டதாகப் பட்டது. பின்னால் ராஜா த சில்வா, இவள் தாரா தேவி என்று எழுதினார். நான் குமாரசுவாமி பக்கம். மேகம் வரைந்தவன் மேகத்தைத்தான் சொல்லியிருப்பான். கடைக்காரர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை: “சிகிரியா லேடி” என்றால் முடிந்தது.

1957 இல் யுனெஸ்கோ உலக ஓவிய வரிசையில் இலங்கைக்கென்று ஒரு பெரிய வர்ணப் புத்தகம் வந்தது. அதன்பின் உலகத்தின் எந்த மூலையிலும் இந்த முகங்களைப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. தபால் அட்டை, முத்திரை, விமானச் சேவை விளம்பரம் எல்லாம் வரிசையாக வந்தன. 2006 இல் மத்திய வங்கி வெளியிட்ட 2,000 ரூபாய்த் தாளில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பெண்கள். சம்பள நாளில் அவர்கள் கைக்கு வந்து, இரண்டு நாளில் மரக்கறிக் கடைக்குப் போனார்கள்.

ஆனாலும் இவர்களைச் சுவர் சுவராகக் கொண்டுபோனது பத்திக்தான். அந்தக் கதைக்கும் மாத்தளையில் ஒரு கால் உண்டு. மாத்தளை அலுவிகாரையில் வேர்விட்ட குடும்பத்தைச் சேர்ந்த ஏனா த சில்வா, 1960களின் தொடக்கத்தில் லக்கி சேனாநாயக்க முதலியவர்களோடு கொழும்பில் பத்திக் பட்டறை போட்டார். பென்தோட்டையில் ஜெப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக்குக் கூரை முழுக்கப் பத்திக் செய்து கொடுத்தது அந்தப் பட்டறை. பிற்காலத்தில் ஏனா அலுவிகாரைக்கே திரும்பி, ஊர்ப் பெண்களுக்குப் பத்திக்கும் தையல் வேலையும் பழக்கினார். லக்கியும் தம்புள்ளைப் பக்கம் தியபுபுலவில் குளத்தோரம் குடியேறினார்; கண்டலம ஹோட்டலில் சிறகு விரித்து நிற்கும் ஆந்தை அவர் செய்தது. 1979 இல் வந்த பறவை, பூச்சி, பூப் படம் போட்ட பணத்தாள்களும் அவர் வரைந்தவைதான், வயது போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இவர்களால் பத்திக்குக்கு நாட்டில் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதையைப் பிடித்துக்கொண்டு சிறு பட்டறைகள் வீதிக்கு வீதி முளைத்தன. அங்கே வேலைக்கு எடுத்தது சிகிரியாப் பெண்களை.

வெள்ளைத் துணியில் பென்சிலால் ஒருத்தியை வரைகிறார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம், பூவும் முத்துமாலையும், உருக்கிய மெழுகால் மூடப்படும். துணி மஞ்சள் சாயத்தில் முங்கி எழும். இனி உடம்பு மஞ்சளாகவே நிற்க வேண்டும் என்பதால் அதற்கும் மெழுகு. அடுத்தது சிவப்பு, பிறகு கபிலம், இப்படி வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றினால் பெண் வெளியே வருகிறாள். இடையில் துணியைக் கசக்கும்போது மெழுகு வெடிக்கும், வெடித்த கீறலுக்குள் சாயம் இறங்கும். அது உடம்பு முழுக்க நரம்பு போல் ஓடும். பாறையில் சாந்து வெடித்த கோடுகளை அச்சாக அப்படியே காட்டுவது இந்தக் கீறல்தான், யாரும் திட்டமிடாமல். எந்த வர்ண அச்சிலும் கிடைக்காத பழமை பத்திக்கில் தானாக வந்துவிடுகிறது. ஆனால் பின்னணிக்கு நீலம் தீட்டிவிடுவார்கள். வாங்குகிறவர்களுக்கு மேகம் என்றால் நீல வானம் வேண்டும். உற்சவருக்கு என்ன பட்டு உடுத்துவது என்பதை உபயகாரர்தானே தீர்மானிக்கிறார்.

இந்த உலாவுக்கெல்லாம் நடுவில் மூலவர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து வந்தது. 1967 ஒக்ரோபரில் ஓர் இரவு யாரோ மேலே ஏறி, உருவங்களின் மேல் பச்சைப் பெயின்ற் பூசினார்கள், சில இடங்களில் சாந்தையே கொத்தினார்கள். உரோமிலிருந்து லூசியானோ மராண்சி என்ற வல்லுநரை அழைத்து, தொல்பொருள் திணைக்களம் அவரோடு சேர்ந்து பெயின்ற்றைக் கழுவி எடுத்தது. நல்லகாலம், பெரும்பாலானவர்கள் தப்பினார்கள். எழுபது ஆண்டுக்கு முன்னரே ஒருவர் கயிற்றில் தொங்கி ஒவ்வொரு வெடிப்பையும் குறித்து வைத்திருந்தது வீண்போகாத வேலை என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும். இப்போது சுழல் படியேறிக் குழிவுக்குள் போனால் படம் எடுக்க அனுமதி இல்லை. காவலாளி பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னும் மேலே போனால் குளவிக்காகச் சத்தம் போடாதீர்கள் என்று பலகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காவலாளிக்குப் பயப்படுவதைவிடக் குளவிக்கு நன்றாகப் பயப்படுகிறார்கள்.

2015 பெப்ரவரியில் நடந்ததை இலங்கைத் தமிழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கிழக்கு மாகாணத்திலிருந்து சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறினார். தம்புள்ளை நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறை விதித்தது. வீட்டார் அழுதார்கள், பத்திரிகைகள் எழுதின, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மன்னிப்பு வழங்க, சில வாரங்களில் அவர் வெளியே வந்தார். அதே சுவரில் ஆயிரம் ஆண்டுக்கு முன் கீறியவர்களுக்கு இரண்டு தொகுதிப் புத்தகம், இவருக்குச் சிறையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. கேள்வி கூர்மையானது, ஆனால் சரியில்லை. இனிக் கீறுகிற ஒவ்வொரு கோடும் பழைய பாடல் ஒன்றின் மேலேதான் விழும், இடம் நிரம்பிவிட்டது. சுவரைக் காக்கத்தான் வேண்டும். அதற்காக, ஊர்சுற்ற வந்த இடத்தில் தெரியாத்தனமாக ஊசி எடுத்தவரை இரண்டு ஆண்டு அடைப்பது என்பது ஓவியத்தையும் காக்காது, சட்டத்துக்கும் மரியாதை சேர்க்காது. அபராதம் கட்டி, ஒரு வாரம் அடிவாரத்தில் குப்பை பொறுக்க வைத்திருந்தால் போதும்.

சுவரில் எழுத முடியாதவர்கள் எங்கே போவது? கொழும்பில் அதற்கு ஒரு வீதி இருக்கிறது. 1993 இல் ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரிலான அறக்கட்டளை தொடங்கிய கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை, ஆண்டின் முதல் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டி நடக்கிறது. ஓவியர்கள் நடைபாதையிலேயே கடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பாரிஸிலும் இலண்டனிலும் இருக்கும் வீதியோரச் சந்தைகளைப் பார்த்துச் செய்ததுதான் என்றாலும், கச்சான் கடலையும் ஐஸ்கிறீம் வண்டியும் வந்ததும் அது நம் ஊர்த் திருவிழாவாகிவிட்டது. வீதியின் பழைய பெயர் கிறீன் பாத். இப்போது அதற்குப் பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. மேகத்துப் பெண்களை அப்சரஸ் என்று சொன்னவரின் வீதியில் ஓவியம் விற்கிறார்கள். இதை யாரும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. கீற்றின் பெண்களுக்கும் கோடு சிகிரியாவிலிருந்தும் அஜந்தாவிலிருந்தும் இறங்கியதுதான், நடுவில் பிக்காசோ வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாலும்.

வாங்கத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓவியரிடம் நின்று, ஏன் இந்த நிறம் என்று கேட்கலாம், அவர்கள் சொல்வார்கள். சிலர் இரண்டு மணித்தியாலம்கூடச் சொல்வார்கள். கம்பஸ் பிள்ளைகள் கூட்டமாக வந்து, எதையும் வாங்காமல், எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போவார்கள். கண்ணாடிச் சுவர்க்காரர்களின் வாரிசுகள் அவர்கள்தான்.

பெரேராவின் பிரதிகளை வைத்திருக்கும் தேசிய நூதனசாலை அங்கிருந்து நடக்கிற தூரம். சந்தைக்குக் கட்டணம் இல்லை, நூதனசாலைக்கு ரிக்கற் எடுக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் காலையில் நூதனசாலை, பின்னேரம் சந்தை என்று வைத்துக்கொள்வது நல்லது. நாலு மணிக்குமேல் அந்த வீதியில் வெயில் தணிந்துவிடும், விலையும் கொஞ்சம் இறங்கும்.